என் இடுப்புக்கு வந்த சிங்கம்

“சிங்கத்துக்கு எந்த முகம் வேண்டும்? சிங்க முகமா, குதிரை முகமா?”

இப்படி ஒரு கேள்வியை, ஐம்பத்தொன்பது வயதில், கல்கத்தா பெஹாலாவில் என் சொந்தப் படுக்கையறையில் ஒருக்களித்துப் படுத்தபடி கேட்க நேரும் என்று நான் நினைத்ததில்லை. கேட்டவர் நிமாய் பால். குமார்துலியில் துர்க்கை சிலை செய்கிறவர். கையில் தூரிகை, தோளில் துணிப்பை. எதற்காக அழைத்து வரப்பட்டோம் என்பது இன்னும் முழுசாகப் புரியாத முகம்.

அவர் பக்கத்தில் காவி கரைத்த கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என் வீட்டுக்காரர் சிதம்பரம் நின்றார். துறைமுக அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து, மொத்தமாக முப்பத்தைந்து வாக்கியம் பேசிவிட்டு ஓய்வு பெற்றவர்.

சிங்கம் வரைய வேண்டிய இடம் என் இடுப்பு.

டிராமில் குடையைத் தொலைத்த கதையைப் போன வாரம் எழுதியதற்கு, “குடையெல்லாம் இருக்கட்டும், வீட்டு விஷயம் எழுதக் கூடாதா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். எழுதுகிறேன். இடுப்பைவிட உள்வீட்டு விஷயம் என்னிடம் இல்லை.

சேலை விலகும் இடம்

தை மாசியில் வரும் வங்காளத்துச் சரஸ்வதி பூஜை முடிந்து, குளிர் போகலாமா இருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நாட்கள். இடது இடுப்பில் எரிச்சல். உள்பாவாடை நாடா இறுக்கம் என்று நினைத்துத் தளர்த்திக் கட்டினேன். எரிச்சல் குறையவில்லை. சரி, சிறுநீரகக் கல்தான் என்று நானே தீர்மானித்து, இரண்டு நாள் வாழைத்தண்டுச் சாறு குடித்தேன். எனக்கு எதையும் நானே தீர்மானித்துத்தான் பழக்கம். இந்தக் கதை முழுக்க அந்தப் பழக்கத்தால் வந்த வினை.

மூன்றாம் நாள் புதன்கிழமை காலையில் கண்ணாடியில் பார்த்தால், முதுகுத்தண்டில் தொடங்கித் தொப்புள் வரை பாதி ஒட்டியாணம் பூட்டிவிட்ட மாதிரி கொப்புளம். அதுவும் சரியாக ரவிக்கை முடிந்து சேலை தொடங்கும் இடைவெளியில். உடம்பில் எத்தனையோ மறைவான இடம் இருக்க, நாலு பேர் பார்க்கிற இடமாகத் தேர்ந்தெடுத்து வந்திருந்தது.

“அக்கி,” என்றேன் இவரிடம்.

“டாக்டர்கிட்ட போவோம்,” என்றார் இவர். அந்த வருஷத்தின் முதல் முழு வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

எங்கள் தெருமுனை மருந்துக் கடைக்குப் பின்னால் டாக்டரம்மாவின் சேம்பர். கல்கத்தாவில் டாக்டர் உட்காரும் அறைக்கு அதுதான் பேர். அவர் ஒரு தடவை பார்த்தார். “சிங்கிள்ஸ்,” என்றார். “சின்ன வயசில் சிக்கன்பாக்ஸ் வந்திருக்கிறதா?”

“ஒன்பது வயசில்.”

“அது போகவே இல்லை. நரம்பின் வேரில் படுத்துத் தூங்கியது. உங்கள் வயசையும் களைப்பையும் பார்த்து இப்போது எழுந்திருக்கிறது.”

ஐம்பது வருஷம்! ரேஷன் கார்டில் பேர் இல்லாமல் என்னோடு திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி, ஹௌராவில் இறங்கி, கல்யாணம், பிள்ளைப்பேறு, பதவி உயர்வு எல்லாவற்றையும் கூட இருந்து பார்த்திருக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது.

“இது ஒட்டிக்கொள்ளுமா டாக்டர்?”

“உங்களிடமிருந்து யாருக்கும் அக்கி ஒட்டாது. ஆனால் சிக்கன்பாக்ஸ் வந்தே இராதவர்கள், தடுப்பூசியும் போடாதவர்கள், இந்தக் கொப்புளத்து நீர் பட்டால் அவர்களுக்குச் சிக்கன்பாக்ஸ் வரலாம். கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை மூடி வையுங்கள். கையைக் கழுவுங்கள். துண்டு தனி. மேலே எதையும் பூசாதீர்கள். வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி யாராவது உண்டா?”

“மகள் உண்டாகியிருக்கிறாள். பதினோரு நாளில் இங்கே வருகிறாள்,” என்றேன்.

நான் வளர்த்த பெண்

மீனா எங்கள் ஒரே மகள். கூடப் படித்த அர்ணப்பைக் கல்யாணம் செய்துகொண்டு ஜாதவ்பூரில் இருக்கிறாள். அப்போது ஏழாம் மாதம். மறு வாரத்து ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அவளுக்கு வளைகாப்பு. சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள் ஊரிலிருந்து பஞ்சில் பொதிந்து வந்து, பீரோவில் காத்திருந்தன.

“மகளுக்குச் சின்ன வயசில் வந்திருக்கிறதா?” என்றார் டாக்டரம்மா.

“இல்லை.”

“நிச்சயமாகவா? சந்தேகம் இருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை போதும், தெரிந்துவிடும்.”

“நான் வளர்த்த பெண் டாக்டர். எந்தப் பல் எந்தக் கிழமை விழுந்தது என்று கேளுங்கள், சொல்கிறேன்.”

“அப்படியானால் அவர் உங்கள் பக்கம் வரக் கூடாது. பதினோரு நாளில் எல்லாம் காய்ந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது,” என்று மாத்திரை எழுதினார். ஒரு நாளைக்கு ஐந்து வேளை.

வெளியே வந்ததும் இவர், “டெஸ்ட் எடுத்துப் பாத்திரலாமே,” என்றார்.

“வராத நோய்க்கு ரத்தத்துல என்ன சாட்சி இருக்கும்? மாசமா இருக்கிற பிள்ளைய வீணா ஊசி வச்சுக் குத்தணுமா?” என்றேன். இவர் அடங்கிவிட்டார். மறுநாளும் ஒரு தடவை டெஸ்ட் என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

மீனா போனில் கேட்டாள். “மா, எனக்குச் சின்ன வயசுல வந்ததே இல்லையா? ஷியூர்?”

“ஷியூர்.”

ரத்தப் பரிசோதனை என்று ஒன்று இருப்பதையே நான் அவளிடம் சொல்லவில்லை. அவ்வளவு ஷியூர்.

வளைகாப்பைத் தள்ளிப்போட வழியில்லை. எட்டாம் மாதம் எங்கள் பக்கம் செய்வதில்லை. ஒன்பதாம் மாதம் வரை இழுக்க அவளுக்கு உடம்பு இடம் கொடுக்குமா என்று பயம். அர்ணப்பின் அம்மா நல்ல மனுஷி. “ஜாதவ்பூரிலேயே வைத்துக்கொள்வோம். உங்கள் வழக்கப்படியே நான் செய்கிறேன். நீங்கள் வீடியோவில் பார்த்துச் சொல்லிக் கொடுங்கள்,” என்றார். முதல் வளையலை அவர் போடுவார். நான் போனில் பார்ப்பேன்.

“அதுக்கென்ன, நீங்களும் அவளுக்கு அம்மாதானே,” என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். போனை வைத்துவிட்டு அழுதேன். அக்கி வலி என்று இவரிடம் சொன்னேன்.

அக்கி வலியும் லேசுப்பட்டதில்லை. மின்விசிறிக் காற்றில் சேலை அசைந்து உரசினாலே உயிர் போகும். தும்மினால் இரண்டு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆனால் அந்த அழுகை அதற்கில்லை.

பை இறங்கும் வீடு

எங்கள் மாடிக்கு மேல் மாடியில் மிதாலி பௌதி. பௌதி என்றால் அண்ணி. இந்த ஊரில் பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் அண்ணிதான். கொப்புளம் என்று காதில் விழுந்ததுமே அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “மாயேர் தயா!” என்றார். அம்மனின் கருணை. அம்மைக்கு இங்கேயும் அதே கணக்கு. நாம் முத்து என்கிறோம், இவர்கள் தயை என்கிறார்கள்.

“அம்மை இல்லை பௌதி, அதோட மிச்சம்,” என்று விளக்கினேன். “உங்களுக்குச் சின்ன வயசில் வந்திருந்தால் பயமே இல்லை.”

“வந்திருக்கிறது. ஆனாலும்,” என்றார் பௌதி. இந்த ‘ஆனாலும்’ என்ற சொல்லுக்கு மருத்துவத்தில் மருந்து கிடையாது.

மறுநாளிலிருந்து அவர் படியிறங்கி வரவில்லை. காய்கறிக்காரனுக்குக் கயிற்றில் பை இறக்குவார்களே, அந்தப் பை எங்கள் பால்கனிக்கு இறங்கியது. உள்ளே டப்பாவில் வேப்பிலையும் கத்தரிக்காயும் வறுத்த நிம்-பேகுன். வசந்தத்தில் அதைச் சாப்பிட்டால் அம்மை அண்டாது என்று வங்காளிகள் நம்புகிறார்கள். எனக்கு அண்டி ஐம்பது வருஷம் ஆகிவிட்டது என்று பைக்குள் சீட்டு எழுதிப்போடலாமா என்று யோசித்தேன். தினமும் மூச்சிரைக்கப் பை இறக்குகிறவரிடம் அப்படிச் சொல்ல மனசு வரவில்லை.

அலுவலகக் கதை வேறு. கார்டன் ரீச்சில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் நான் சூப்பரின்டென்டென்ட். விடுப்புக்கு டாக்டர் சான்றிதழ் அனுப்பினேன். அதில் நோயின் முழுப்பெயர் ஹெர்பிஸ் ஜோஸ்டர். ஜோஸ்டரை விட்டுவிட்டால் அது வெளியே சொல்லக் கூசும் வேறு நோய். எங்கள் செக்ஷனில் எந்தக் காகிதத்திலும் முதல் சொல்லுக்கு மேல் யாரும் படிப்பதில்லை. மறுநாள் என்னுடைய உதவியாளர் போன் செய்து, “மேடம், நாங்கள் யாரும் எதுவும் நினைக்கவில்லை,” என்றார். அவர் குரலிலிருந்து எல்லோரும் என்னவெல்லாம் நினைத்தார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

“இரண்டாவது சொல்லையும் படியுங்கள்,” என்று கத்தினேன். கத்தியதில் இடுப்பு வலித்தது.

தாளிக்காத நாட்கள்

எனக்கு ஒன்பது வயசில் அம்மை போட்டபோது நடந்ததெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. வாசலில் வேப்பிலைக் கொத்து. வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது. வந்தவர்களிடம் ‘போய்ட்டு வாங்க’ என்று சொல்லக் கூடாது. அடுப்பில் தாளிக்கவே கூடாது. கடுகு வெடித்தால் அம்மனுக்கு ஆகாதாம். மூன்று வாரம் வீட்டில் எல்லோரும் தாளிக்காத குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, எனக்கு எப்போது தலைக்குத் தண்ணீர் விடுவார்கள் என்று என்னைவிட ஆவலாகக் காத்திருந்தார்கள்.

அக்கிக்கு இத்தனை கெடுபிடி இல்லை. வேளார் வீட்டுக்குப் போவார்கள். பானை செய்கிற வேளார், காவியைக் கரைத்து இறகால் தொட்டு, கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கம் எழுதுவார். சிங்கத்தைப் பார்த்து அக்கி ஓடிவிடும். எழுதினாலும் எழுதாவிட்டாலும் இரண்டு மூன்று வாரத்தில் அதுவே ஓடிவிடும் என்பது டாக்டரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை வலி உச்சத்தில் இருந்தபோது, சும்மா ஒரு ஆற்றாமையில் சொன்னேன். “ஊரா இருந்தா இந்நேரம் வேளாரைக் கூப்பிட்டு எழுதியிருப்பாக.”

இவர் பேப்பரை மடித்து வைத்தார்.

வேளாருக்கா பஞ்சம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி தின்ற கையோடு ஆள் காணாமல் போனார். பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. பின்னாலேயே நிமாய் பால்.

“நீ சொன்னேல்லா,” என்றார் இவர். “இந்த ஊர்ல வேளாருக்கா பஞ்சம்? குமார்துலி பூரா வேளார்தான்.”

தலையில் கை வைத்துக்கொண்டேன். ஊர்த் திருவிழாவுக்கெல்லாம் அம்மன் செய்கிற கலைஞரைப் போய், பெண்டாட்டி இடுப்பில் கொப்புளம் என்று கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவரிடம் இவர் வங்காளத்தில் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டேன்.

நிமாய் பால் மரியாதையாகப் பதில் சொன்னார். “மனைவியின் மேல் ஒரு சிங்கம் வேண்டும் என்றார். வழக்கமாக எங்கள் ஊரில் சிங்கத்தின் மேல்தான் தேவி இருப்பாள். உங்கள் ஊரில் தேவியின் மேல் சிங்கமோ என்று நினைத்து வந்தேன்.”

டாக்டரம்மா எதையும் பூசக் கூடாது என்றது எனக்கு மறக்கவில்லை. ஆனால் கல்யாணமான இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் தானாக யோசித்துத் தானாகச் செய்த முதல் காரியம் இது. முதுகுப் பக்கம் நல்ல தோலில் ஓரமாக ஒரு சின்னச் சிங்கம் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று படுத்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

“பழைய ஜமீன் வீட்டுப் பூஜைகளில் சிங்கத்துக்குக் குதிரை முகம் வைப்போம்,” என்று விளக்கினார் நிமாய் பால். “இந்தக் காலத்து வட்டாரப் பூஜைகளுக்கு நிஜச் சிங்க முகம்.”

“எது சீக்கிரம் ஆகும்?” என்றார் இவர்.

“குதிரை.”

“குதிரை.”

நான் சேலையை விலக்கினேன். நிமாய் பால் குனிந்தார். பார்த்ததும் தூரிகையோடு இரண்டு அடி பின்னால் போனார்.

“தீதி,” என்று அக்கா முறை வைத்து அழைத்தார். “இது ஒட்டிக்கொள்ளுமா?”

முதல் நாள் நான் கேட்ட அதே கேள்விதான். டாக்டரம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

“எனக்கு வந்திருக்கிறது,” என்றார் அவர். “ஆனால் வீட்டில் பேத்தி பிறந்து பத்து நாள் ஆகிறது. புண்ணில் பட்ட தூரிகையை நான் வீட்டுக்குக் கொண்டு போக மாட்டேன். உங்கள் மகள் பிள்ளையுண்டாகியிருப்பதாக வழியில் சொன்னாரே, அந்தப் பெண் இங்கே வருகிறதா?”

“வரவில்லை,” என்றேன். “அவளுக்கு அம்மை வந்ததே இல்லை. அதனால் வளைகாப்புக்குக்கூட நான்…” முன்பின் தெரியாத மனுஷர் முன்னால் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தேன்.

அப்போது கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இவர் சொன்னார். வங்காளத்தில் சொன்னார். “ஆமார் மேயேர் ஹோயேசிலோ. சோய் போச்சோர் போயேஷே.”

என் மகளுக்கு வந்திருக்கிறது. ஆறு வயசில்.

நிமாய் பாலுக்கு நிம்மதியாக இருந்தது. நான் எழுந்து உட்கார்ந்தேன். வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

“என்ன சொல்லுதீய?”

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

மீனாவுக்கு ஆறு வயசானபோது நான் பதவி உயர்வுப் பயிற்சிக்காக எட்டு வாரம் நாக்பூர் போனேன். கடைசியில் பரீட்சை. எங்கள் செக்ஷனிலிருந்து போன முதல் பெண் நான். போகவே மாட்டேன் என்றேன். இவர்தான் பெட்டியைக் கட்டி ரயிலேற்றிவிட்டார்.

ஞாயிறுதோறும் பூத்திலிருந்து வீட்டுக்கு போன் செய்வேன். முதல் இரண்டு ஞாயிறு மீனா பேசினாள். அப்புறம் மூன்று ஞாயிறு பேசவில்லை. ஒவ்வொரு தடவையும் இவர் தொண்டையைச் செருமிவிட்டு, “விளையாடப் போயிருக்கா,” என்பார். ஒரு தடவை, “தூங்குதா.” பிள்ளை என் மேல் கோபமாக இருக்கிறது, விட்டுவிட்டு வந்த அம்மாவிடம் பேசப் பிடிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பை இருபத்தைந்து வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

“உடம்பு பூரா போட்டிருந்துச்சு,” என்றார் இவர். “நாக்குலகூட. குரலே வரல. உன்கிட்ட எப்படிப் பேசச் சொல்ல?”

“எனக்குச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா அடுத்த ரயில்ல வந்திருப்பே. பரீட்சை போயிருக்கும்.”

“அப்புறம் சொல்லியிருக்கலாம்லா! இருபத்தஞ்சு வருஷம்!”

“முதல்ல பயம். அப்புறம் பழகிருச்சு.”

நான் கத்தினேன். நிறையக் கத்தினேன். மேல் மாடியில் பௌதி ஜன்னலைத் திறக்கிற சத்தம் கேட்டது. கத்தக் கத்த ஒவ்வொன்றாக எனக்கு விளங்கியது. நாக்பூரிலிருந்து திரும்பி வந்தபோது கடுகு டப்பா அவ்வளவாகக் குறையாமல் இருந்தது. பிள்ளைக்கு ஓட்டல் சோறா வாங்கிக் கொடுத்தீர்கள் என்று சண்டை போட்டேன். அம்மன் வந்த வீட்டில் தாளிக்கக் கூடாதென்று, கல்கத்தாவில் பார்க்க ஆளில்லாதபோதும், தன்னந்தனியாக மூன்று வாரம் கடுகு போடாமல் பொங்கித் தின்றிருக்கிறார்.

மீனாவின் இடது புருவத்துக்கு மேல் ஒரு சின்னக் குழி. என்ன இது என்று அப்போதே கேட்டேன். பீரோ முனை இடித்தது என்றார். அந்த பீரோவை என்ன பேச்செல்லாம் பேசியிருக்கிறேன்! முனையெல்லாம் துணி சுற்றிக் கட்டி, கடைசியில் வீட்டை விட்டே அனுப்பினேன். பாவம், அது எங்கே இருக்கிறதோ.

எந்தப் பல் எந்தக் கிழமை விழுந்தது என்று சொல்கிறேன் என்றேனே. என் பெண் உடம்பெல்லாம் முத்தோடு கிடந்தது எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. அவளோடு நான் இல்லையே என்று துக்கமாக இருந்தது. இந்த வாய் திறக்காத மனுஷன், பிள்ளையைப் பார்த்துக்கொண்டு என் பரீட்சையையும் பார்த்துக்கொண்டதை நினைத்து என்னவோ செய்தது. இத்தனையும் சேர்ந்து வெளியே வந்தபோது, “கிண்ணத்தக் கீழ வைங்க, காவி சொட்டுது,” என்றுதான் வந்தது.

தமிழ்ச் சண்டையில் ஒரு வார்த்தையும் புரியாத நிமாய் பால், வந்ததற்கு வேலை செய்யாமல் போவது மரியாதையில்லை என்று நினைத்திருக்கிறார். கொடியில் கிடந்த இவருடைய பழைய வேட்டியை மேஜையில் விரித்து, அவர் பாட்டுக்கு வரைந்துகொண்டிருந்தார். முடித்ததும் தூக்கிக் காட்டினார். செக்கச்செவேலென்று, பிடரியைச் சிலிர்த்துக்கொண்டு, நீள முகத்தோடு நின்றது.

“காய்ந்ததும் மேலே போர்த்திக்கொள்ளுங்கள் தீதி. புண்ணில் படாது. சிங்கமும் பக்கத்தில் இருக்கும்.”

கூலி வாங்க மாட்டேன் என்றவரை, காபி குடிக்காமல் அனுப்ப மாட்டேன் என்று உட்கார வைத்தேன். கிளம்பும்போது, “பேத்தியைப் பார்க்கப் போகுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்,” என்றேன். “கழுவிவிட்டேன்,” என்றார்.

முதல் வளையல்

இவர் சொன்னார் என்பதற்காக அப்படியே நம்பிவிடவில்லை. பொய் சொல்கிற ஆள் என்று இப்போது தெரிந்துவிட்டதே! மீனாவுக்கு போன் செய்து, பரிசோதனை என்று ஒன்று இருப்பதைச் சொன்னேன். “தூர், மா! இத முதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று வங்காளமும் தமிழுமாகத் திட்டினாள். திங்கட்கிழமை ரத்தம் கொடுத்தாள். புதன்கிழமை முடிவு வந்தது. அம்மை வந்துபோன எதிர்ப்பு அவள் ரத்தத்தில் தாராளமாக இருந்தது. அவளுடைய டாக்டரும் எங்கள் டாக்டரம்மாவும், மூடி வைத்துக்கொண்டால் தாராளமாக விழா நடத்தலாம் என்றார்கள்.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு கொப்புளம் மட்டும் காயமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் துணி கட்டி, இடுப்பு தெரியாதபடி நீள ரவிக்கை போட்டு, கையை ஆறு தடவை கழுவினேன். பௌதி பை இல்லாமல் படியிறங்கி வந்தார். அர்ணப்பின் அம்மா ஒரு கூடை சந்தேஷ் இனிப்போடு வந்து, “முதல் வளையல் நீங்கள்தான்,” என்று என்னை முன்னால் தள்ளினார். கொடியில் காய்ந்த சிங்க வேட்டியைப் பார்த்து, “எவ்வளவு அழகான குதிரை!” என்றார். நான் திருத்தவில்லை.

மீனா மணையில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். புருவத்துக்கு மேல் அந்தக் குழியைப் பார்த்தேன். பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

“மா, எனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கு. அப்பா என் தலையில மஞ்சத் தண்ணி ஊத்தினாரு. இலையெல்லாம் மிதந்துச்சு. நான் அது ஹோலின்னு நினைச்சிட்டிருந்தேன்.”

பச்சை வளையல் ஒன்றை அவள் விரல்களைக் குவித்து ஏற்றினேன்.

அவள் திரும்பி, கதவோரம் சந்தனக் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்ற இவரைப் பார்த்தாள். “அப்பா, அப்ப நான் மா வேணும்னு அழுதேனா?”

இவர் தொண்டையைச் செருமினார்.

“இல்லம்மா. ஒரு தடவகூட அழல. விளையாடிக்கிட்டே இருந்தே.”

“பாத்தியா, சமத்துப் பிள்ளை,” என்று சொல்லிவிட்டு நான் அடுத்த வளையலை எடுத்தேன்.